குழாயில் புகுந்த காற்று



காரின் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பிரேக் ஆயில் அழுத்தத்திற்குச் சுருங்காது. காலின் விசையைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்கும். காற்றோ தான் சுருங்கி அவ்விசையை விழுங்கிவிடும்.

அதனை அகற்றும் வழக்கமான முறைக்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகேயுள்ள திருகைத் தளர்த்துவார். குமிழிகளோடு ஆயில் வெளிவரும். திருகை இறுக்கிய பின்னரே காலை எடுத்தல் வேண்டும். முந்தினால் காற்று மீண்டும் உட்புகும். குமிழி அறும்வரை இவ்வாறு செய்க. ஆயில் கலம் வற்றலாகாது. மிதி உறுதிப்படாமல் வண்டி சாலையேறவும் கூடாது.

அறிக்கையிடாத சிறு குற்றமும் இத்தகைய குமிழியே. நிற்க வேண்டிய இடத்தில் அது நம்மை நிற்கவிடாது. அதனை வெளியேற்றவும் இருவர் வேண்டும்: மனம் வருந்துபவர் ஒருவர், செவிமடுக்கும் குருவானவர் மற்றவர்.