வெறும் பாக்குத்தானே?

கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் வரை நம் கரையோரத்தில் வெற்றிலை ஒரு வேலைத்துணை. கரைவலை இழுக்கும்போதும், இரவில் கடலில் கண் விழித்திருக்கும்போதும் ஒரு வாய் போட்டால்தான் உடம்பு ஓடும் என்பார்கள். வாய்ப்புற்று என்று பேச்செடுத்தால் உடனே பதில் வரும்: "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்."

அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை. புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. அதற்கு முன்பே பாக்கு செய்துவிடும் வேலை ஒன்று உண்டு. அதிலுள்ள அரெகோலின், வாயின் உள்தோலுக்கு அடியில் நார் உண்டாக்கும் கலங்களைத் தூண்டுகிறது. பாக்கிலுள்ள செம்பு அந்த நார்களை இறுக்கிப் பிணைக்க உதவுகிறது. துவர்ப்புச் சத்து அவற்றைக் கரையவிடாமல் காக்கிறது. நாளாக நாளாக மெத்தென்றிருந்த சதை விறைத்துப்போகிறது.

வாய் இப்படி இறுகும் நோயை 1953இல் பம்பாய் வைத்தியர் ஜோஷி விவரித்தபோது, மேலண்ணத்தையும் தொண்டை வாசலின் இருபுறத் தூண்களையும் வைத்தே பெயரிட்டார். நாமோ அந்த இடங்களைப் பார்ப்பதில்லை, வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் கவனிக்கிறோம். உறைப்புக் கறி பட்டதும் வாய் எரிவது பெரும்பாலும் முதல் அறிகுறி. அப்போதே டோர்ச் வெளிச்சத்தில் மென்னண்ணத்தைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய இடம் சலவைக்கல் போல வெளுத்திருக்கும். விரலால் தடவினால் நார்ப்பட்டிகள் தட்டுப்படும். உள்நாக்கு மொட்டாகச் சுருங்கியிருக்கும், அல்லது ஒரு பக்கம் வளைந்திருக்கும். "ஆ" என்றால் மேலெழ வேண்டிய அண்ணம் அசையாது. அதனால் குரல் மூக்கால் வரும், குடித்த தண்ணீரும் மூக்கில் ஏறலாம். காதுக்குக் காற்று விடும் குழாயைத் திறக்கும் தசையும் அங்கேதான் இருக்கிறது என்பதால் சிலருக்குக் காது அடைக்கும். அதை யாரும் பாக்கோடு சேர்த்து நினைப்பதில்லை.

இந்த இறுக்கம் புற்றுநோய் அல்ல, புற்றுக்கு முந்திய நிலை. எர்ணாகுளத்தில் 66 நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 5 பேருக்குப் புற்று வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

புகையிலைக் கலவைகளை 2016இல் இலங்கை அரசு தடை செய்தது நல்ல காரியம். பாக்கு இன்றும் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது, பிள்ளைகளின் கைக்கும் எட்டுகிறது. எனக்கு இதுதான் பெருங்கவலை.

மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடியாவிட்டால் அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், காசு கேட்கமாட்டார்கள். ஊசி மருந்தும் வாய் திறக்கும் பயிற்சியும் ஓரளவு உதவும். இறுகிய நார் முழுதாக இளகாது என்பதால் பாக்கை அன்றே விட வேண்டும். விட்ட பிறகும் தவணை தவறாமல் வாயைக் காட்டிவர வேண்டும்.