பூவனுக்கும் புட்டியில் இடம் வேண்டும்!

கல்யாணப் பந்தலில் இலை போடுகிறார்கள். அது பெரும்பாலும் பூவன் வாழை இலை. தாம்பூலத் தட்டில் வைக்கிற பழமும் பூவன்தான். ஸ்ரீரங்கத்திலும், காவிரி பாயும் திருச்சி சீமை எங்கும் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று வாழையில் எத்தனையோ வகை உண்டு.

நாம் உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதை கிடையாது. தாய் மரத்தின் அடியில் கிளம்பும் கன்றைத் தோண்டி எடுத்துத்தான் நடுகிறார்கள். தாயின் நோயும் கன்றோடு கூடவே வந்துவிடுகிறது! முடிக்கொத்து நோய் கண்ட மரத்தின் கன்றை நட்டால், நல்ல குலையைப் பார்க்க முடியாது. ஓர் ஆண்டு உழைப்பு வீண்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழிதான் திசு வளர்ப்பு.

முதலில், நோய் இல்லாத கன்றுதானா என்று சோதிக்கிறார்கள். பிறகு கிழங்கைச் சீவிச் சீவி, நடுவில் உள்ள சின்னக் குருத்தை மட்டும் எடுக்கிறார்கள். அதைக் கிருமி போகக் கழுவிக் கண்ணாடிப் புட்டிக்குள் வைக்கிறார்கள். புட்டியில் மண் இல்லை. சர்க்கரையும், உப்புச் சத்துகளும், வளர்ச்சி ஊக்கியும் கலந்த கூழ் இருக்கிறது. குருத்து பல குருத்துகளாகப் பெருகுகிறது. அவற்றைப் பிரித்து வேறு புட்டிகளில் வைக்கிறார்கள். இப்படியே ஒரு கிழங்கிலிருந்து நூற்றுக்கணக்கான கன்றுகள்! வேர் விட்டதும் நிழல் வலைக்கு அடியில் சில வாரம் மண்ணில் பழக்குகிறார்கள். கைக்குழந்தையை வெளிக்காற்றுக்குப் பழக்குவது போலத்தான்.

வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் 1993-ம் ஆண்டு திருச்சியில் தொடங்கப்பட்டது. இப்போது அது தாயனூரில் இருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால், விற்பனைக்கு வரும் திசுக் கன்றுகளில் பெரும்பாலானவை எவை? ஜி-9 எனப்படும் 'கிராண்ட் நைன்'. வெளிநாட்டு ரகம். குலை பெரிது. எங்கும் விலை போகும். வியாபாரிக்கு வேறு என்ன வேண்டும்?

எங்கும் ஒரே ரகத்தை நடுவது ஆபத்து. மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் முன்பு 'குரோ மிசெல்' என்ற ஒரே ரகத்தை நட்டார்கள். வாடல் நோய் வந்தது. 1960-ம் ஆண்டுகளுக்குள் அந்த ரகம் ஏற்றுமதிச் சந்தையிலிருந்தே ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதன் இடத்தைப் பிடித்தது கிராண்ட் நைனின் இனம். அதையும் சாய்க்கும் புது வாடல் நோய் இன்று பீகார் வரை வந்துவிட்டது. புட்டியில் பிறந்த கன்று சுத்தமானது. ஆனால், நோயை எதிர்க்கும் சக்தி அதற்குத் தனியாக வந்துவிடாது.

பூவனைப் புட்டியில் வளர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இலையில் மஞ்சள் கோடு போடும் ஒரு வைரஸ் பூவனின் மரபணுவிலேயே உறங்கிக் கிடக்கிறது. புட்டியில் வளர்க்கும்போது அது விழித்துக் கொள்ளக் கூடும். ஆகவே, பல முறை சோதிக்க வேண்டும். செலவு பிடிக்கும். இலாபம் பார்க்கும் கம்பெனிகள் இதில் இறங்கத் தயங்கும். சர்க்கார்தான் முன்வர வேண்டும்.

முடியாத காரியம் அல்ல. திண்டுக்கல் மாவட்டத்து மலைகளில் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் வாரிக்கொண்டு போயிற்று. திசுக் கன்றுகளைக் கொண்டுதான் அதை மீண்டும் நட்டார்கள்.

பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் அப்படிச் செய்யலாமே! சோதித்த கன்றுகளை, அரை ஏக்கர் குத்தகைக்காரரும் வாங்கும் விலையில் கொடுக்க வேண்டும்.

திசுக் கன்றுகளைச் சோதித்துச் சான்று அளிக்கும் ஏற்பாட்டை மத்திய சர்க்கார் 2006-ம் ஆண்டு கொண்டு வந்தது. கன்று வாங்கப் போகிறவர்கள், பணத்தை நீட்டும் முன் அந்தச் சான்றைக் கேட்டுப் பார்க்கட்டும்.