விதியை மாற்றினால் விறுவிறுப்பு வருமா?

ரக்பி ஆட்டம் சலிப்பூட்டுகிறது, விதிகளை மாற்றுங்கள் என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. எழுவர் ரக்பியைச் சொல்லவில்லை. அது நமக்குப் பழக்கமானது. தேசிய விளையாட்டரங்கில் அடுத்தடுத்து ஆட்டங்கள், ஒவ்வொன்றும் 14 நிமிடம், எல்லாமே ஓட்டம். 2016ல் இங்கு நடந்த இறுதி ஆட்டத்தில் ஃபிஜியைக் கென்யா 30-7 என்று கவிழ்த்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது பேச்சு, 15 பேர் ஆடும் ரக்பி யூனியனைப் பற்றியது. எழுவர் ஆட்டத்தின் சுவையோடு அதைத் தொலைக்காட்சியில் பார்க்க உட்கார்பவர் பத்தே நிமிடத்தில் கேட்பார்: “இப்ப எதுக்கு விசில் ஊதினாரு?”

நியாயமான கேள்விதான். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து குனிந்து முட்டுவது ஸ்க்ரம். முட்டிய வேகத்தில் குவியலாகச் சரிவார்கள். நடுவர் எழுப்பி நிறுத்துவார். மறுபடியும் சரிவார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் யாரோ ஒருவர் தவறு செய்ததாகக் கைகாட்டுவார்; எதிர்க்குழு பெனால்டி உதைத்து 3 புள்ளி எடுக்கும். எந்தத் தவறு என்று திடலில் இருப்பவர்களுக்கே சிலசமயம் தெரியாது.

ஆனால் விதியை மாற்றினால் விறுவிறுப்பு தானாக வந்துவிடும் என்பதை நான் நம்புவதில்லை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பதை ‘ட்ரை’ என்கிறோம். அதாவது முயற்சி. அந்தப் பெயர் ஏன் வந்தது? ஆரம்ப காலத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது. கோலை நோக்கி உதைத்து முயன்று பார்க்கும் உரிமை மட்டும்தான் கிடைத்தது. பிறகு அதற்கும் புள்ளி கொடுத்தார்கள். 1971ல் அது 4 ஆனது, 1992ல் 5 ஆனது. ஓடி ஆடுங்கள் என்று ஊக்குவிக்கத்தான். பயிற்றுநர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். ட்ரைக்கு 5, அதன்பின் உதைக்கு 2, ஆக 7 புள்ளி கொடுப்பதைவிட, வேண்டுமென்றே தவறு செய்து 3 கொடுப்பது மலிவு! 5 புள்ளி வந்த மூன்றாவது ஆண்டில், 1995 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் ஒரு ட்ரைகூட இல்லை. தென்னாப்பிரிக்கா 15, நியூசிலாந்து 12. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த டிராப் கோல், பச்சைச் சட்டையில் மண்டேலா. அதைச் சலிப்பான ஆட்டம் என்று யாராவது சொல்வார்களா?

இன்னொரு கதை. 2008ல் சில புதிய விதிகளைச் சோதித்தார்கள். பந்தைத் தன் 22 மீட்டர் பகுதிக்குள் பின்னால் கொடுத்து, அங்கிருந்து நேராக எல்லைக்கு வெளியே உதைத்து இடம் பிடிக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. பந்து திடலுக்குள்ளேயே இருக்கும், ஓட்டம் கூடும் என்று எதிர்பார்த்தார்கள். பந்து திடலுக்குள்தான் இருந்தது, ஆனால் ஆகாயத்தில்! 2009ல் இரு குழுக்களும் டென்னிஸ் ஆடுவதுபோல் மாறி மாறி உதைத்துக்கொண்டிருந்தன. மறு ஆண்டு எழுத்தில் எதையும் மாற்றவில்லை. ஆளைக் கீழே வீழ்த்தியவர் உடனே அவரை விட்டுவிட வேண்டும் என்ற பழைய விதியைக் கண்டிப்பாகப் பாருங்கள் என்று நடுவர்களுக்குச் சொன்னார்கள். ஆட்டம் நகர்ந்தது.

அதனால்தான் ஸ்க்ரம்மை ஒழிக்கவேண்டும், குறைந்தது அதன் பல்லைப் பிடுங்கவேண்டும் என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. 2023 உலகக் கிண்ணக் காலிறுதியில் தென்னாப்பிரிக்காவின் டேமியன் வில்லம்சே, தன் கோட்டுக்கு அருகே பிரான்சின் உதையைக் காற்றில் பிடித்து, ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்டார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ‘எங்கள் தடியர்கள் உங்கள் தடியர்களைவிட வலிமையானவர்கள், வாருங்கள் பார்க்கலாம்’ என்று சொல்லாமல் சொன்னது அது. தென்னாப்பிரிக்கா 29-28 என்று வென்றது. 2024 ஜூலையில், ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்க முடியாது என்று விதி வந்துவிட்டது. ஆட்டத்தை வேகப்படுத்தவாம். அந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நொடியை இனி யாரும் செய்யமுடியாது.

ஸ்க்ரம் இருப்பதால்தான் ரக்பியில் எல்லா உடம்புக்கும் இடம் இருக்கிறது. காற்பந்துக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை நிற்கும் பருத்த பையனைப் பள்ளிக்கூடங்களில் பார்த்திருப்பீர்கள். ரக்பியில் முதலில் தேடுவது அவனைத்தான். குட்டையானவர் பந்தைப் பிரித்துக் கொடுக்கலாம், நெட்டையானவர் லைன்-அவுட்டில் தாவலாம், ஒல்லியானவர் ஓரத்தில் ஓடலாம். ஸ்க்ரம்மின் போட்டியை எடுத்துவிட்ட ஆட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1895ல் பிரிந்துபோன ரக்பி லீக். 13 பேர், வேகம், நல்ல ஆட்டம். வேண்டியவர்கள் அதைப் பார்க்கலாம். இதையும் அதைப்போல ஆக்குவானேன்?

குறைக்கவேண்டியது காத்திருப்பை. ஸ்க்ரம்முக்குக் கூட 30 விநாடி, ட்ரைக்குப் பிந்திய உதைக்கு 60 விநாடி என்று கடிகாரம் வைத்ததை இரு கை தூக்கி வரவேற்கிறேன்.

20 நிமிடச் சிவப்பு அட்டை விஷயத்தில் எனக்குச் சமாதானம் இல்லை. வெளியேற்றப்பட்டவர் திரும்ப வரமுடியாது; ஆனால் 20 நிமிடம் கழித்து வேறொருவர் வந்து 15 பேரை நிரப்பலாம். 2025 சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில் இது நடைமுறைக்கு வந்தது. பிரான்சும் அயர்லாந்தும் எதிர்த்தன. வேண்டுமென்றே செய்யும் முரட்டுத்தனத்துக்கு முழுச் சிவப்பு அட்டை இன்னும் உண்டு என்கிறார்கள், சரி. 14 பேர் ஆடினால் ஆட்டம் கெட்டுவிடும் என்பதுதான் இதற்குச் சொல்லும் காரணம். 2023 இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்துத் தலைவர் சாம் கேன் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கினார். 14 பேரோடு ஆடி 12-11 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். கடைசிவரை நாற்காலி நுனியில் உட்காரவைத்த ஆட்டம் அது. கெட்டது எங்கே?

மேலும், அந்த அட்டை பெரும்பாலும் தலையில் மோதியதற்குத்தான் காட்டப்படுகிறது. 2003ல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்துக் குழுவில் ஆடிய ஸ்டீவ் தாம்சனுக்கு 42 வயதில் மறதி நோய். அந்த வெற்றியே நினைவில் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அவரைப்போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் பலர் நீதிமன்றம் போயிருக்கும் நேரத்தில், பார்ப்பவரின் சுவாரஸ்யத்துக்காகத் தண்டனையைக் குறைப்பது முறையா?

எதையாவது மாற்றியே தீரவேண்டும் என்றால் மாற்று ஆட்டக்காரர்கள் விதியில் கை வையுங்கள். 1996 வரை காயம்பட்டால்தான் மாற்று ஆள். இப்போது எட்டுப் பேர் வரை இறக்கலாம். 2023 இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா உட்காரவைத்த எட்டுப் பேரில் ஏழு பேர் கனத்த முன்வரிசைக்காரர்கள்! 50 நிமிடம் ஓடிக் களைத்தவர்மீது, புதிதாக வந்த 120 கிலோ ஆள் மோதுகிறார். களைப்பு வந்தால்தானே இடைவெளி திறக்கும், ஓடுவதற்கு இடம் கிடைக்கும்? எட்டுப் பேரும் உட்காரட்டும். உத்திக்காக நால்வரை மட்டும் இறக்கலாம், மற்றவர்கள் காயத்துக்கு மட்டும் என்று வைக்கலாம். இதையும் ஏய்ப்பார்கள், தெரியும். 2009ல் லென்ஸ்டருக்கு எதிரான ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் ஹார்லிகுவின்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் போலி இரத்தக் குப்பியை வாயில் கடித்தார். இரத்தக் காயம் என்று சொல்லி, முன்பு வெளியே எடுத்த உதைப்பாளரைத் திரும்பக் கொண்டுவரத்தான். அப்படியும் 6-5 என்று தோற்றார்கள். பயிற்றுநருக்கு மூன்று ஆண்டுத் தடை. ஆகவே என் விதியில் இன்னொரு வரியும் வேண்டும்: காயத்தைப் பார்த்துச் சொல்லும் மருத்துவர் எந்தக் குழுவிலும் சம்பளம் வாங்காதவராக இருக்கவேண்டும்.