யார் கைதானார் என்பதை யாரிடம் கேட்பது?

ஒரு மனை வாங்க நினைப்பவர், அதன் மீது அடமானம் ஏதும் இருக்கிறதா என்பதைத் தமிழகப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே பார்த்துவிடலாம். சர்வே எண்ணும் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் தெரிந்தால் போதும், வில்லங்க விவரம் திரையில் விரிந்துவிடும். ஆனால், நேற்றிரவு காவலர்கள் அழைத்துச் சென்ற தன் மகன் எந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறான் என்று அறிய விரும்பும் தாய்க்கு அத்தகைய வசதி ஏதும் இல்லை. அவர் ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அல்லது தெரிந்த வழக்குரைஞர் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மண்ணுக்குத் தரும் தகவல் மதிப்பை மனிதனுக்குத் தர நம் நிர்வாகம் இன்னும் பழகவில்லை.

சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, 1986ஆம் ஆண்டு காவல் மரணங்கள் குறித்து உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே பொதுநல வழக்காக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பரில் புகழ்பெற்ற தீர்ப்பாக வெளிவந்தது. கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 நெறிமுறைகளை அத்தீர்ப்பு வகுத்தது. கைது செய்யப்பட்ட 12 மணி நேரத்துக்குள் அத்தகவல் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்றுசேர வேண்டும் என்பதும், அங்கே பலர் கண்ணில் படும் பலகையில் அது எழுதி வைக்கப்பட வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. பின்னர் 2008ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41சி என்னும் பிரிவைச் சேர்த்து, நீதிமன்றத்தின் நெறிமுறையை நாடாளுமன்றத்தின் சட்டமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த இடத்தை 37ஆவது பிரிவு பிடித்திருக்கிறது.

இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படிப்பது பயனுள்ள வேலை. புதிய பிரிவில் வரவேற்கத் தக்க முன்னேற்றம் உண்டு. மாவட்டத்தில் மட்டுமின்றி ஒவ்வொரு காவல் நிலையத்திலும், உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் இதற்கென நியமிக்கப்பட வேண்டும். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை அவர் பராமரிக்க வேண்டும். அந்த விவரங்கள் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும், மின்னணு முறை உள்பட ஏதேனும் ஒரு வகையில், எடுப்பாகத் தெரியும்படி வெளியிடப்பட வேண்டும். ஆனால், பழைய 41சி பிரிவில் இருந்த இரண்டு சொற்றொடர்கள் புதியதில் காணாமல் போயிருக்கின்றன. கைதானவரின் பெயரோடு, கைது செய்த காவல் அலுவலரின் பெயரும் பதவியும் பலகையில் இடம்பெற வேண்டும் என்றது பழைய சட்டம். மாநிலத் தலைமையகத்தின் கட்டுப்பாட்டு அறை, கைதானவர்கள் குறித்த தரவுத்தளம் ஒன்றைப் பொதுமக்களின் தகவலுக்காகப் பராமரிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. புதிய பிரிவில் இவ்விரண்டும் இல்லை. அதாவது, கைதானவரின் முகவரி வரை ஊருக்குத் தெரிய வேண்டும். கைது செய்தவரின் பெயர் தெரிய வேண்டிய கட்டாயம் இந்தப் பிரிவில் இல்லை. டி.கே. பாசு தீர்ப்பு காவலில் இருப்பவரைக் காப்பதற்காகப் பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த விடுபடல் சிறியதன்று.

சரி, இன்றைய நிலையில் ஒரு குடிமகன் என்னதான் செய்ய முடியும்? ஓய்வுபெற்ற பிறகு என்னைத் தேடிவரும் பழைய மாணவர்களில் சிலராவது ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வாயில் முதல் தகவல் அறிக்கை. இந்திய இளம் வழக்குரைஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஆணையின்படி, பதிவான 24 மணி நேரத்துக்குள் அது காவல்துறை இணையதளத்தில் ஏற்றப்பட வேண்டும். இணைய வசதி குன்றிய பகுதிகளுக்கு மட்டும் 72 மணி நேரம் வரை சலுகை உண்டு. பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள், பயங்கரவாதம் தொடர்பானவை போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. தமிழகக் காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டத்தையும் நிலையத்தையும் தேர்ந்தெடுத்து இதைத் தேடலாம். நிலையத்தில் கொடுத்த மனுவுக்கான சி.எஸ்.ஆர். ரசீதின் நிலையையும் அங்கேயே அறியலாம்.

ஆயினும் முதல் தகவல் அறிக்கை கைதுப் பதிவேடு ஆகாது. அதில் பெயர் உள்ளவர் கைதாகாமலே போகலாம். பெயர் தெரியாத நபர்கள் என்று எழுதப்பட்ட அறிக்கையின் பேரில் பத்துப் பேர் பின்னர் கைதாகலாம். செய்தித்தாள் வாசகர்களிலும் பலர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

கைது என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாயில் 48ஆவது பிரிவு. கைது செய்த அலுவலர் அத்தகவலையும், கைதானவர் வைக்கப்பட்டுள்ள இடத்தையும் அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ அவர் குறிப்பிடும் வேறு ஒருவருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். மாவட்டத்தில் நியமிக்கப்பட்ட அந்தக் காவல் அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்பது நிலையத்தில் உள்ள பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். கைதானவரைத் தன்முன் கொண்டுவரும்போது இவை நிறைவேறினவா என்று நீதித்துறை நடுவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது கூறு தரும் உரிமை. சிறைக்குச் சென்றபின், தேசிய சிறைத் தகவல் தளத்தின் இ-முலாகாத் வசதி வழியே சந்திப்புக்கு முன்பதிவு செய்யலாம். வழக்குரைஞரை அமர்த்த வசதியில்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(1) பிரிவு, ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது. விசாரணைக்கு ஊறு நேரும் என்று கூறி 8(1)(எச்) பிரிவின்கீழ் மறுப்பதற்கும் வழி இருப்பதை மறந்துவிடக் கூடாது.

இனி பிடியாணைக்கு வருவோம். உண்மையில் பெரும் இருள் இங்கேதான் இருக்கிறது.

ஒருவர் பெயரில் பிடியாணை நிலுவையில் உள்ளதா என்று பார்க்கப் பொதுவான பட்டியல் எதுவும் நம்மிடம் இல்லை. இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணையோ, 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ, தரப்பினர் பெயரையோ, முதல் தகவல் அறிக்கை எண்ணையோ கொண்டு வழக்கைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததைப் படித்துக்கொண்டே போனால், ஆஜராகாதவர் மீது பிடியாணை பிறப்பிக்கப்பட்ட குறிப்பு கண்ணில் படலாம். நீதிமன்ற மொழி பழகியவருக்கே அது புரியும். அவ்வாறு பிறந்த ஆணை, நிறைவேற்றப்படும் வரையோ நீதிமன்றமே ரத்து செய்யும் வரையோ உயிரோடு இருக்கும். முகவரி மாறியதால் அழைப்பாணையே கிடைக்காத ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வாகனச் சோதனையில் தன் பெயரில் ஓர் ஆணை இருப்பதை அறிந்து திகைப்பது இப்படித்தான்.

தலைமறைவாகத் திட்டமிடுபவருக்கு எச்சரிக்கை தரக் கூடாது என்று காவல்துறை சொல்வது நியாயமான வாதமே. புலனாய்வுக் கட்டத்தில் பிறக்கும் ஆணைகளுக்கு அது பொருந்தும். காசோலை மோசடி வழக்கில் ஒரு வாய்தாவைத் தவறவிட்டவருக்கு அது எப்படிப் பொருந்தும்? தன் மீது ஆணை இருப்பது தெரிந்தால் அவர்களில் பெரும்பாலோர் மறுநாளே வழக்குரைஞருடன் நீதிமன்றத்துக்குப் போய் அதை ரத்து செய்யும்படி வேண்டுவார்கள். காவல்துறையின் வேலையும் குறையும்.

இந்தத் தகவல் வெற்றிடத்தில் புகுந்து வாழ்பவர்கள்தான் 'டிஜிட்டல் கைது' மோசடிக்காரர்கள். பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதாரில் வங்கிக் கணக்கு திறக்கப்பட்டுள்ளது என்று தொடங்கி, காணொலி அழைப்பில் காக்கி உடையைக் காட்டி, உச்ச நீதிமன்ற முத்திரையிட்ட போலிப் பிடியாணையை வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்கள். 2024ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் மட்டும் இந்தியர்கள் இவ்வகையில் இழந்த தொகை சுமார் 120 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தின் தரவு சொன்னது. அவ்வாண்டு அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் எச்சரித்தார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. ஏமாந்தவர்களில் மருத்துவர்களும் வங்கி அலுவலர்களும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். படித்தவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று வியப்பவர்களுக்கு ஒரு கேள்வி: அந்த ஆணை போலி என்று அந்த நிமிடத்திலேயே சரிபார்க்க அவர்களுக்கு இருந்த வழி என்ன?

சட்டம் சொல்வது தெளிவானது. பிடியாணை எழுத்து வடிவில், நீதிமன்றத்தின் தலைமை அலுவலர் கையொப்பத்துடனும் முத்திரையுடனும் இருக்க வேண்டும்; அதை நிறைவேற்ற வருபவர் அதன் சாரத்தைச் சொல்லி, கேட்டால் ஆணையையே காட்ட வேண்டும். தொலைபேசியில் ஒருவரைக் கைது செய்யும் முறை நம் சட்டத்தில் இல்லை. விசாரணைக்கு அழைக்கும் அறிவிப்பைக் காவல்துறை வாட்ஸ்ஆப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால், நீதிமன்ற அழைப்பாணையை மின்னணு வடிவில் அனுப்பப் புதிய சட்டமே இடமளிக்கிறது. அறிவிப்பு, அழைப்பாணை, பிடியாணை ஆகியவற்றை நின்று நிதானித்து வேறுபடுத்திப் பார்க்கும் மனநிலை, மிரட்டல் அழைப்பின் நடுவே யாருக்கு வாய்க்கும்? ஒவ்வோர் ஆணையிலும் ஓர் எண்ணை அச்சிட்டு, அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் இட்டால் உண்மையா பொய்யா என்று மட்டும் விடை தரும் ஏற்பாட்டைச் செய்வது கடினமன்று. மதிப்பெண் சான்றிதழ்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் இதைச் செய்கின்றன. யார் பெயரையும் இதில் ஊரறியச் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில், தகவலின் விலையை நான் கவனிக்கிறேன். நம் நாட்டில் குற்றச்சாட்டு மலிவாகக் கிடைக்கிறது. அதன் முடிவு அரிதாகக் கிடைக்கிறது. முதல் தகவல் அறிக்கை இணையத்தில் ஏறுகிறது, மறுநாள் நாளிதழில் பெயரும் படமும் வருகின்றன. குற்றப்பத்திரிகை பொது ஆவணம் ஆகாது, அதை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. பல ஆண்டுகள் கழித்து வரும் விடுதலைத் தீர்ப்பைத் தேடிப் படிப்பவர் யார்? 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரத்தின்படி, நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள்.

பதிவு ஒருவரைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல ஆய்வுகள் உண்டு. சமூகவியலாளர் தேவா பேஜர் 2003இல் வெளியிட்ட மில்வாக்கி ஆய்வில், ஒரே தகுதியுள்ள வெள்ளையர்களில் தண்டனைப் பதிவு இல்லாதவர்களுக்கு 34 விழுக்காடும், உள்ளவர்களுக்கு 17 விழுக்காடும் வேலைக்கான மறு அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர்களுக்கு அவை முறையே 14, 5 விழுக்காடு. அங்கே பல ஊர்களில் கைதானவரின் படமே உடனடியாகப் பொதுவெளிக்கு வந்துவிடும். அதை நீக்கப் பணம் கேட்கும் தளங்களும் முளைத்தன. ஆனால், மறைத்துவிடுவதும் எளிய தீர்வாக அமையவில்லை. விண்ணப்பத்தில் குற்றப் பதிவைக் கேட்கக் கூடாது என்று நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் சட்டம் வந்தபின் அமண்டா அகனும் சோன்யா ஸ்டாரும் ஏறத்தாழ 15,000 மாதிரி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். முன்பு 7 விழுக்காடாக இருந்த வெள்ளையர்–கறுப்பர் இடைவெளி 43 விழுக்காடாக விரிந்திருந்தது. தகவல் கிடைக்காதபோது முதலாளிகள் தோலின் நிறத்தைக் கொண்டு ஊகித்தார்கள். நம் ஊரில் அந்த ஊகம் சாதிப் பெயரையும் குடியிருக்கும் தெருவையும் தொற்றிக்கொள்ளும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயரை நீக்கக் கோரிய வழக்கு இந்தச் சிக்கலின் முழு உருவம். 2021இல் தனி நீதிபதி, உரிய சட்டம் வரும் வரை இயலாது என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. தீர்ப்புகள் பொதுச் சொத்து என்ற கொள்கையை நானும் ஏற்கிறேன். அதற்காக, குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொன்ன ஒருவரின் பெயரைத் தேடுபொறியில் இட்டவுடன் பழைய குற்றச்சாட்டு முதலில் வந்து நிற்பதை அக்கொள்கையின் தவிர்க்க முடியாத விலை என்று ஏற்க மனம் ஒப்பவில்லை.

என் பார்வையில் கைதுத் தகவலுக்கு இருவேறு பயன்கள் உள்ளன. அவற்றுக்கு இருவேறு ஆயுட்காலம் வேண்டும். கைதான முதல் சில நாள்களில் அது காவலில் இருப்பவருக்கான கவசம். அப்போது பெயர், நிலையம், நேரம், கைது செய்தவர் பெயர், எந்த நடுவர் முன் நிறுத்தப்படுவார் என்பன எல்லோருக்கும் தெரிய வேண்டும். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் கைதான தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்தது, முதல் இரவின் மணித்துளிகள் எவ்வளவு விலைமதிப்பற்றவை என்பதைக் காட்டியது. சில நாள்களுக்குப் பிறகு அதே தகவல் பிறர் கையில் அவருக்கு எதிரான ஆயுதமாகிவிடுகிறது. அப்போது அது பெயர் கொண்டு தேடும் வசதியிலிருந்து விலகி, வழக்கு எண் கொண்டு மட்டுமே எட்டக் கூடியதாக வேண்டும். வழக்கு முடிந்தால், முதல் தகவல் அறிக்கை இருக்கும் அதே பக்கத்தில் முடிவும் கட்டாயமாக ஏற வேண்டும். வேலைக்காகவோ வீட்டு வாடகைக்காகவோ பின்னணி அறிய வேண்டியவர்களுக்கு, சம்பந்தப்பட்டவரே விண்ணப்பித்துப் பெறும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று ஏற்கெனவே இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மாநில அரசின் ஆணையே போதும். நீக்கப்பட்ட அலுவலர் பெயரைத் தமிழக அரசு தன் விதிகளில் மீண்டும் சேர்ப்பதற்கும் தடையில்லை. அதுவரை, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில் எவரும் மூன்று கேள்விகளைத் தம் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு அனுப்பலாம். 37ஆவது பிரிவின்கீழ் எங்கள் காவல் நிலையத்தில் நியமிக்கப்பட்டுள்ள அலுவலர் யார்? கைதானவர்களின் விவரம் நிலையத்தில் எந்த இடத்தில், எந்த வடிவில் வெளியிடப்படுகிறது? கடந்த 30 நாள்களில் அது எந்தெந்தத் தேதிகளில் புதுப்பிக்கப்பட்டது? இந்த வாரம் நான் அனுப்பும் மனுவில் இருப்பவையும் இவைதாம்.