மைக்ரான் எண் பாதிப் பதில்தான்

மாணவர்களே, புக்கிட் மெர்தாஜாமில் பல வீடுகளின் முன்புறத்திலோ சமையலறையிலோ ஒரு நீர் வடிகட்டி இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருந்தால், அதன் பெட்டியைத் தேடிப் பாருங்கள். 5 மைக்ரான், 1 மைக்ரான், 0.01 மைக்ரான் என்று ஏதோ ஓர் எண் அதில் இருக்கும். "எண் சிறியதாக இருந்தால் தண்ணீர் சுத்தம்" என்று கடையில் சொல்வார்கள். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியைக் கேட்காமல் வடிகட்டிக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து.

ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 1 மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7 அல்லது 8 மைக்ரான். சுமார் 40 மைக்ரானுக்குக் கீழ் உள்ள துகளை வெறுங்கண்ணால் காண்பது கடினம். ஆகவே, கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பார்த்து, "தெளிவாக இருக்கிறது, நல்ல வடிகட்டிதான்" என்று முடிவு செய்ய முடியாது.

இப்போது ஒரு சிறு கணக்கு. 5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள 10,000 துகள்கள் ஒரு வடிகட்டிக்குள் நுழைகின்றன. அவற்றில் 5,000 வெளியே வந்துவிடுகின்றன. உள்ளே போனதை வெளியே வந்ததால் வகுத்தால் 2. இந்த விகிதத்தைப் பொறியியலாளர்கள் பீட்டா என்பார்கள். இந்த வடிகட்டி பிடித்தது 50 விழுக்காடுதான். இன்னொரு வடிகட்டியில் 10 துகள்கள் மட்டுமே வெளியே வருகின்றன. அதன் பீட்டா 1,000, பிடித்தது 99.9 விழுக்காடு. முதல் வடிகட்டி இரண்டாவதைவிட 500 மடங்கு துகள்களைத் தப்பவிடுகிறது. ஆனாலும் இரண்டு பெட்டிகளிலும் '5 மைக்ரான்' என்றே அச்சிட்டிருக்கலாம்!

பெட்டியில் 'நோமினல்' என்று இருந்தால் அது பெயரளவு மதிப்பீடு. அந்த அளவுத் துகள்களில் ஒரு பங்கைத்தான் அது பிடிக்கும். எவ்வளவு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 'அப்சலூட்' என்று இருந்தால், அந்த அளவுத் துகள்களை ஏறக்குறைய முழுமையாகப் பிடிக்கும் என்று பொருள்.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கலந்து, சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டனர். அதன் அளவு 4 முதல் 6 மைக்ரான். குளோரினுக்கு அது எளிதில் சாகாது. அதைத் தடுக்க 1 மைக்ரான் 'அப்சலூட்' வடிகட்டி வேண்டும், 'நோமினல்' போதாது என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. எண் ஒன்றுதான். ஆனால் பக்கத்தில் உள்ள சொல் பாதுகாப்பையே மாற்றிவிடுகிறது.

அப்படியானால் எல்லாரும் மிகச் சிறிய எண்ணை வாங்கிவிடலாமா? வேண்டாம். சுங்கை மூடா ஆற்று நீர், சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்ட பிறகே நமக்கு வருகிறது. 2024 ஜனவரியில் அந்த நிலையத்தில் வால்வுகளை மாற்ற நீர் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். இப்படித் தடைப்பட்ட நீர் மீண்டும் பாயும்போது, குழாய்களில் படிந்திருந்த துருவும் வண்டலும் கிளம்பி வருவதுண்டு. அவற்றை நேராக 0.01 மைக்ரான் சவ்வில் மோதவிட்டால் அது விரைவில் அடைபடும்; குழாயில் நீரின் வேகம் குறையும். முதலில் பெரிய துளை, பிறகு சிறிய துளை என்பதே முறை. அம்மா மாவு சலிப்பதும் தேநீர் வடிகட்டுவதும் ஒரே சல்லடையில் அல்லவே!

நீரில் கரைந்த உப்பையும் குளோரினையும் இந்தத் துளைகள் பிடிக்கா. குளோரினை நீக்குவது கரி. கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிட்டால், கிருமிகளுக்கு எதிரான காவலும் போய்விடும். உருளையைக் காலத்தில் மாற்றாவிட்டால் வடிகட்டியே கிருமிகளின் வீடாகலாம்.

எதைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் பெரிய துளையும் உதவும். வங்காளதேசக் கிராமங்களில் பழைய சேலைத் துணியை நான்காக மடித்து நீரை வடிகட்டச் செய்தார் ரீட்டா கோல்வெல் என்ற விஞ்ஞானி. அந்தத் துணியின் துளை சுமார் 20 மைக்ரான். காலரா கிருமியோ 1 அல்லது 2 மைக்ரான்தான். தனியாக வந்தால் சுலபமாக நுழைந்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டே வருகிறது. அவை துணியில் சிக்கின. காலரா 48 விழுக்காடு குறைந்ததாக 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே, அடுத்த முறை பெற்றோருடன் கடைக்குப் போனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதைப் பிடிக்க இந்த வடிகட்டி? அந்த மைக்ரான் அளவில் எத்தனை விழுக்காடு பிடிக்கும்? உருளையை எப்போது மாற்ற வேண்டும்? மைக்ரான் எண்ணுக்குப் பக்கத்திலேயே விழுக்காட்டையும் அச்சிட வேண்டும் என்ற விதி வந்தால் இன்னும் நல்லது. அதுவரை, அந்த விழுக்காட்டைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான்.