நிருபரை அடித்தால் என்ன சட்டம்?

2012-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி. பெங்களூர் கெம்பேகவுடா ரோட்டில் உள்ள சிட்டி சிவில் கோர்ட்டு வளாகம். சுரங்க முறைகேடு வழக்கில் கைதாகியிருந்த முன்னாள் மந்திரி ஜனார்த்தன ரெட்டியை சி.பி.ஐ. அதிகாரிகள் அங்கே ஆஜர்படுத்த அழைத்து வந்தனர். செய்தி சேகரிக்க நிருபர்களும் கேமராக்காரர்களும் திரண்டிருந்தனர்.

வக்கீல்களில் ஒரு பகுதியினர் அவர்கள் மீது பாய்ந்தனர். கற்கள் பறந்தன. கேமராக்கள் நொறுங்கின. போலீசார் தலையிட்டதும் அது மும்முனைச் சண்டை ஆயிற்று. வாகனங்கள் எரிந்தன. மூன்று தரப்பிலும் ரத்தக் காயம்.

அந்த ஆண்டு ஜனவரியில் வக்கீல்கள் நடத்திய சாலை மறியலை டெலிவிஷன்களும் பத்திரிகைகளும் காட்டிய விதமே இந்தக் கோபத்துக்குக் காரணம் என்று பேசப்பட்டது. விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. 2013-ல் விசாரணை சி.பி.ஐ. வசம் ஒப்படைக்கப்பட்டது.

ஆளுக்கொரு சட்டம்

டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் தாக்குவோரைத் தண்டிக்க கர்நாடகம் 2009-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் செய்தது. வக்கீல்களைத் தாக்குவோருக்கு எதிரான சட்டம் 2023-ல் நிறைவேறி, 2024-ல் அமலுக்கு வந்தது. தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை.

வக்கீல்களுக்கு அது தேவைதான். சிக்கமகளூரில் ஓர் இளம் வக்கீலைப் போலீசார் அடித்ததாக எழுந்த புகாரே அந்தச் சட்டத்தை விரைவுபடுத்தியது.

ரெயில் நிலைய டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கும் பாதுகாப்பு உண்டு. அவரை வேலை செய்யவிடாமல் வேண்டுமென்றே தடுத்தால், 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 146-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை.

நிருபருக்கு? 2023-ல் வக்கீல்களுக்குச் சட்டம் வந்தபோதும் அவருக்கென்று கர்நாடகத்தில் ஒன்றும் வரவில்லை. டீக்கடைச் சண்டைக்குப் போடும் அதே அடிதடிப் பிரிவுதான் அவருக்கும்.

யாருக்கு நஷ்டம்?

"நிருபர் என்றால் கொம்பா முளைத்திருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். கொம்பு இல்லை. ஆனால் அவர் அடிபடுவது சொந்தப் பகையால் அல்ல. தான் பார்த்ததை ஊருக்குச் சொல்லிவிடுவார் என்பதால் அடிபடுகிறார். ஆகவே நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தது. 2016 செப்டம்பர் 12-ந் தேதி தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன. அந்த நாட்களில் உண்மையை விட வதந்திதான் வேகமாக ஓடியது. எந்தத் தெருவில் என்ன நிலைமை, பஸ் ஓடுகிறதா, வேலைக்குப் போனவர் வீடு திரும்ப முடியுமா என்பதை நேரில் நின்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கூட்டம் கேமராவைப் பிடுங்குவது சாட்சி இல்லாமல் செய்யத்தான்.

பல்லடத்தில் நடந்தது

பெரிய நகரத்து நிருபருக்காவது ஆபீஸ் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. சிற்றூர்களில் இருப்பவர் நிலைமை வேறு.

திருப்பூர் மாவட்டம் பல்லடம் பகுதியில் செய்தி சேகரித்து வந்தவர் நியூஸ்7 தமிழ் டெலிவிஷன் நிருபர் நேசபிரபு. 2024 ஜனவரி 24-ந் தேதி, அடையாளம் தெரியாத ஆட்கள் தன்னை நோட்டம் விடுவதைக் கண்டு போலீசாருக்குப் போன் செய்தார். ஒரு முறை அல்ல, பல முறை. உதவி வந்து சேரவில்லை. அன்று இரவு ஒரு கும்பல் அவரை அரிவாளால் வெட்டியது. உயிருக்கு ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்.

போலீசாரிடம் அவர் போனில் பேசிய பதிவு வெளியானதும் தமிழகமே அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர் ஒருவர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். அரசு மூன்று லட்சம் ரூபாய் நிதி அறிவித்தது. வெட்டு விழுந்த பிறகு வந்த நிதி அது. முன்னே வந்திருக்க வேண்டியது ஒரு போலீஸ் ஜீப்.

மராட்டியம் காட்டும் பாடம்

தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலமும் உண்டு. மராட்டியம் 2017-ல் சட்டம் இயற்றியது. 2019-ல் அது அமலுக்கு வந்தது. நிருபரைத் தாக்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தால் நிருபருக்கும் தண்டனை உண்டு.

ஆனால் அதே மராட்டியத்தில், ரத்னகிரி மாவட்டம் ராஜாபூரில், 2023 பிப்ரவரியில் சசிகாந்த் வாரிசே என்ற நிருபர் கார் மோதிக் கொல்லப்பட்டார். அந்தக் காரை ஓட்டியவரைப் பற்றி அவர் எழுதிய செய்தி அன்றுதான் வெளியாகியிருந்தது. கொலை வழக்கு பதிவாயிற்று. ஏட்டில் சட்டம் இருந்தால் மட்டும் உயிர் தப்பாது என்பதற்கு இது சாட்சி.

அந்தச் சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பத்திரிகைப் பணியே 'பிரதான தொழிலாக' இருப்பவருக்குத்தான் பாதுகாப்பு. பகலில் கடையோ, வேறு உத்தியோகமோ பார்த்துக்கொண்டு, செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதி நேர நிருபர் அதில் அடங்குவாரா என்பது சந்தேகம்தான். ஓசூரிலும் தர்மபுரியிலும் ஆம்பூரிலும் நடப்பதை பெங்களூரில் இருப்பவருக்குத் தெரிவிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே.

சத்தீஷ்கர் சட்டசபை 2023-ல் நிறைவேற்றிய சட்டம் இந்த விஷயத்தில் பரந்த மனதுடையது. பகுதி நேர நிருபர்களையும், நிறுவனம் சாராதவர்களையும் அது கணக்கில் கொள்கிறது. ஆயினும் அங்கே பிஜப்பூரில் ரோடு போட்டதில் நடந்த ஊழலை வெளிக்கொணர்ந்த முகேஷ் சந்திராகரின் உடல், 2025 ஜனவரி 3-ந் தேதி ஒரு கழிவுநீர்த் தொட்டியில் கிடைத்தது.

என்ன வேண்டும்?

சட்டம் வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்க்காமல், தாக்கப்பட்டபோது அவர் செய்தி சேகரித்தாரா என்று பார்க்க வேண்டும். ஆபத்து என்று நிருபர் புகார் சொன்னால், இத்தனை நேரத்துக்குள் நடவடிக்கை என்று போலீசாருக்குப் பொறுப்பு விதிக்க வேண்டும். வழக்கை முடிக்கக் காலக்கெடு வேண்டும்.

காரில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள், உண்மை. அவர்களைப் பிடிக்க வேறு பிரிவுகள் இருக்கின்றன. போலி டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக டாக்டர்களுக்கான சட்டத்தை நிறுத்தி வைக்கவில்லையே!

2017 செப்டம்பர் 5-ந் தேதி பெங்களூர் ராஜராஜேஸ்வரி நகரில் தன் வீட்டு வாசலிலேயே கவுரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கோர்ட்டு விசாரணை தொடங்கவே 2022 ஜூலை ஆயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளைக் கண்ட சிற்றூர் நிருபர் அடுத்த ஊழல் செய்தியை எழுதுவதற்கு முன் யோசிப்பார். அவர் எழுதாமல் விட்ட செய்தி எது என்பது வாசகருக்குத் தெரியவே தெரியாது.