பற்கள் சிதறிய நிலம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் வாழும் குண்டிட்ஜ்மாரா மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. ஆதியில் நான்கு பேருருவங்கள் இந்த நிலத்துக்கு வந்தன. மூன்று பேர் கண்டத்தின் வேறு திசைகளுக்கு நடந்து போய்விட்டார்கள். நான்காமவர் போகவில்லை, வந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். அவர் உடல் மலையாயிற்று. அவருடைய பற்கள்தாம் நிலமெங்கும் இறைந்து கிடக்கும் கரிய கற்கள். அந்த மலைக்குப் புட்ஜ் பிம் என்று பெயர். உயர்ந்த தலை என்பது பொருள்.

பார்த்தால் மலை என்று சொல்லத் தோன்றாது. கடல்மட்டத்திலிருந்து 178 மீட்டர்தான் உயரம். ஆனால் மேற்கு விக்டோரியாவிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் எல்லைப்புறம் வரை பரந்து கிடக்கும் ஒரு பெரிய எரிமலைச் சமவெளியின் பிள்ளை அது. அந்தச் சமவெளியில் நானூறுக்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள் உண்டு. பெரும்பாலானவை ஒரே ஒரு காலகட்டத்தில் பொங்கி, பிறகு அடங்கிவிட்டவை. கடைசியாகப் பொங்கியது சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன், மவுண்ட் கேம்பியர் பக்கத்தில். புட்ஜ் பிம் அதற்கு வெகு காலம் முன்பே ஓய்ந்துவிட்டது. அதன் வாய்ப்பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்டு கிடக்க, அதில் இப்போது தெளிந்த ஏரி ஒன்று நிற்கிறது.

ஏரிக்கரைப் பாதையில் இறங்கும்போது ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் உடம்பெல்லாம் துளை. குழம்பாக இருந்தபோது உள்ளே சிக்கிய வாயு, குமிழ் குமிழாக வெளியேற முயன்று, கல் இறுகியதும் அப்படியே நின்றுபோன தடம் அது. விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றன. அழுத்திப் பிடித்தால் தோலைக் கீறுகிறது. இதைப் பல் என்று சொன்னவர்கள் கல்லை நன்றாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

புட்ஜ் பிம் கக்கியது பசால்ட் குழம்பு. சிலிக்கா குறைவாக உள்ள குழம்பு இது. இளக்கமானது, ஆகவே நெடுந்தொலைவு ஓடும். மேற்பரப்பு ஆறி ஓடு கட்டிக்கொள்ள, உள்ளே சூடு குறையாமல் குழம்பு குழாயில் போவதுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். குழம்பு வடிந்தபின் மிஞ்சிய அந்தக் குழாய்களில் சில இன்று குகைகளாக நிற்கின்றன. குழம்பு பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் ஓடியது. அன்று கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் இன்றைய கரையையும் தாண்டிப் போனது. அதன் நுனி இப்போது கடலுக்கடியில் கிடக்கிறது.

இதெல்லாம் நடந்தது எப்போது? மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரின் மாட்சனும் குழுவினரும் 2020-இல் அதற்கு விடை சொன்னார்கள். பாறையில் உள்ள பொட்டாசியத்தின் ஒரு வகை மெல்ல மெல்லச் சிதைந்து ஆர்கான் வாயுவாகிறது. குழம்பாக இருக்கும்வரை அந்த வாயு தப்பிவிடும். இறுகியபின் உள்ளேயே சேரத் தொடங்கும். சேர்ந்த ஆர்கானை அளந்தால் கல் பிறந்த காலம் தெரியும். புட்ஜ் பிம் பிறந்தது சுமார் 36,900 ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கு வந்தது. சில ஆயிரம் ஆண்டுகள் முன்பின் இருக்கலாம். கிழக்கே வார்னம்பூல் நகரின் அருகிலுள்ள டவர் ஹில் எரிமலைக்கும் ஏறக்குறைய அதே வயது.

டவர் ஹில்லின் சாம்பல் படிவுக்கு அடியிலிருந்து 1940-களில் ஒரு கற்கோடரி கிடைத்திருக்கிறது. சாம்பல் விழுவதற்கு முன்பே அங்கே மனிதர் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தில் நெருப்பு பொங்கியதை மனிதக் கண்கள் பார்த்திருக்க முழு வாய்ப்பு உண்டு.

பார்த்தவர்களின் நினைவுதான் கதையாக வந்து சேர்ந்ததா? முப்பத்தேழாயிரம் ஆண்டுகள் ஒரு கதை வாய்வழியே தாங்குமா? அப்படியானால் உலகின் மிகப் பழைய கதைகளில் ஒன்றாக இது இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கையோடுதான் சொல்கிறார்கள். அந்த எச்சரிக்கை சரியானது. ஆனால் வாய்மொழிக் கதை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அளக்க அதே நாட்டில் இன்னொரு உரைகல் இருக்கிறது.

வடக்கே குயின்ஸ்லாந்து மேட்டு நிலத்தில் ஈச்சம், பாரின், யூராமூ என்று மூன்று எரிமலை வாய் ஏரிகள். புதிதாகச் சடங்கு முடிந்த இரண்டு இளைஞர்கள் விலக்கை மீறியதால் வானவில் பாம்பு சினங்கொண்டது, தரை நடுங்கி வெடித்தது, வானத்தில் யாரும் அதுவரை காணாத செம்மேகம் எழுந்தது, ஓடியவர்களை நிலம் விழுங்கியது, அங்கே ஏரி வந்தது என்று அவ்வூர் மக்கள் சொன்னார்கள். மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் 1960-களில் இதைப் பதிவு செய்தார். சொன்னவர் போகிற போக்கில் ஒன்றைச் சேர்த்தார்: அப்போது அங்கே அடர்காடு இல்லை, வெறும் புதர்வெளிதான். சுற்றிலும் மழைக்காடு நிற்கும் இடத்தில் நம்ப முடியாத செய்தி. பிறகு பீட்டர் கெர்ஷா யூராமூ ஏரியின் வண்டலில் படிந்திருந்த மகரந்தத்தை அடுக்கடுக்காக ஆராய்ந்தார். அங்கே மழைக்காடு வந்து சுமார் 7,600 ஆண்டுகள்தான் ஆகின்றன என்று தெரியவந்தது. ஏரிகள் அதைவிடப் பழையவை. கதை சொன்னது உண்மை.

ஒரு நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அந்நிலத்தைப் பற்றிச் சொல்லும் கதையை, பொழுதுபோக்காகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதைச் சாட்சியாகக் கேட்க வேண்டும். குறுக்கு விசாரணை செய்யலாம், சந்தேகப்படலாம். ஆனால் முதலில் முழுதாகக் கேட்க வேண்டும்.

குண்டிட்ஜ்மாரா மக்கள் தங்கள் கதையில் வரும் கற்களை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது இன்னும் வியப்பானது. குழம்பு ஓடி ஓடைகளை அடைத்ததால் அங்கே சதுப்புகளும் ஏரிகளும் உண்டாயின. அந்த நீருக்கு விலாங்கு வந்தது. அதைக் கூயாங் என்கிறார்கள். பவளக் கடலில் பிறந்து, குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து வந்து, ஓடைகளில் ஏறி, ஆண்டுக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காக மீண்டும் கடலுக்கே திரும்பும் மீன் அது. முன்னோரின் பற்களாகிய அந்தக் கற்களையே பெயர்த்து அடுக்கி, பாறையில் வாய்க்கால் வெட்டி, தடுப்பணை கட்டி, வெள்ளம் ஏறும்போதும் வடியும்போதும் விலாங்கு எந்த வழியில் வரும் என்று கணித்து, குளங்களில் விட்டு வளர்த்தார்கள். தடுப்பின் இடைவெளியில் புல்லால் பின்னிய நீண்ட கூடையைப் பொருத்துவார்கள். வாய் அகலம், வால் குறுகல். குறுகிய முனையில் விலாங்கு தலைநீட்டும்போது காத்திருப்பவர் பிடித்துக்கொள்வார். பின்னந்தலையைக் கடித்துக் கொல்வது பழைய முறை. மிச்சத்தைப் பொந்து மரங்களுக்குள் புகைபோட்டுப் பதப்படுத்தினார்கள். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் இயன் மெக்னிவன் குழு ஒரு வாய்க்காலின் வண்டலில் இருந்த கரித்துண்டுகளைக் கொண்டு கணித்த வயது 6,600 ஆண்டுகள். எகிப்தின் பெரிய பிரமிடுக்கு இரண்டாயிரம் ஆண்டு மூத்த வேலை.

1830-களில் வெள்ளையர் ஆட்டு மந்தைகளோடு வந்தார்கள். நிலம் பறிபோயிற்று, போர் மூண்டது. யூமரெல்லா போர் என்று அதற்குப் பெயர். குதிரைகள் நுழைய முடியாத கரடுமுரடான அந்தக் கல்வெளிதான் குண்டிட்ஜ்மாரா போராளிகளுக்கு அரணாக இருந்தது. பல்லாண்டு எதிர்த்து நின்றார்கள். தோற்றபின், எஞ்சியவர்கள் கிறித்தவ மிஷன் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டார்கள். மலையின் பெயரும் போயிற்று. 1836-இல் நில அளவையாளர் தாமஸ் மிட்செல் ஒரு ராணுவ அதிகாரியின் நினைவாக ஈல்ஸ் என்று பெயரிட்டார். வரைபடம் வரைந்தவரின் பிழையால் அது எக்கிள்ஸ் ஆகி, அந்தப் பிழையே நிலைத்தது. பிறகு விலாங்கு வளர்த்த ஏரியின் முறை. மேய்ச்சல் நிலம் வேண்டுமென்று, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1950-கள் வரை வாய்க்கால் வெட்டி கோண்டா ஏரியை வடித்தார்கள். விலாங்கு வரும் நீரையே இல்லாமல் செய்தார்கள். அங்கே என்ன இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அருகிலேயே இருந்தார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

ஆனால் அவர்கள் சொல்வதை நிறுத்தவில்லை. நீதிமன்றம் ஏறினார்கள். 2007-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுடைய பூர்வீக நில உரிமையை ஏற்றது. 2010-இல் புதிய தடுப்பணை கட்டப்பட்டு, டே ராக் என்று அவர்கள் அழைக்கும் கோண்டா ஏரியில் மீண்டும் தண்ணீர் நின்றது. 2017-இல் தேசியப் பூங்காவுக்குப் புட்ஜ் பிம் என்ற பெயர் திரும்ப வந்தது. 2019 ஜூலையில் யுனெஸ்கோ இந்த நிலத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பூர்வகுடிகளின் பண்பாட்டு மதிப்புக்காக மட்டுமே அந்தப் பட்டியலில் ஏறிய முதல் ஆஸ்திரேலிய இடம் இது. அடுத்த கோடையில் காட்டுத்தீ புல்லையும் புதரையும் தின்றபோது, யாரும் பதிவு செய்யாத இன்னும் பல வாய்க்கால்கள் வெளியே தெரிந்தன.

மெல்போர்னில் இப்போது நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் கடற்கரைச் சாலை வழியே பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைக் காட்டிவிட்டு அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை திருப்பாமல் மேற்கே இன்னும் சில மணி நேரம் ஓட்டுங்கள். டே ராக் ஏரிக்கரையில் குண்டிட்ஜ்மாரா மக்களே நடத்தும் மையம் இருக்கிறது. அவர்களே வழிகாட்டிகளாக வருவார்கள். புவியியலைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அந்தக் கதையை, அதற்கு உரியவர்கள் வாயால் கேளுங்கள்.